மீதியை எண்ணாத ஊர்

2025, நவம்பர் 18, செவ்வாய்

விறகு வந்து இறங்கியது. பாதி ஈரம். போன ஆண்டும் இப்படித்தான்; அதே ஆள், காய்ந்தது என்று அதே சத்தியம்.

மிங்காவின் கடைக்குப் போய் ரொட்டியும் தயிரும் வாங்கினேன். ஆகஸ்டிலிருந்து எல்லாப் பொருளிலும் இரண்டு விலை ஒட்டியிருக்கிறது. மேலே எங்கள் லெவா, கீழே ஜனவரியில் வரப்போகும் யூரோ. ரொட்டி 1.80, அதன் கீழே 0.92. கீழே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. ஓவியத்தின் மூலையில் வரைந்தவர் போடும் கையெழுத்துபோல அது பாட்டுக்கு இருக்கிறது.

கடையில் ராச்சோ உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது, கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். மிங்கா போட்டுவைத்திருக்கும் ஒரே நாற்காலி அவருடையது மாதிரி.

"டீச்சர், இந்த யூரோவை நான் கையால தொடமாட்டேன். சிங்கம் போட்ட காசு இருக்கறப்ப, பாலம் போட்ட தாளு எனக்கு எதுக்கு?"

"பாலம் நல்லதுதானே அண்ணே, ஆத்தைக் கடக்கலாம்" என்றாள் மிங்கா.

"நம்ம ஆத்துப் பாலம் இடிஞ்சு பத்து வருஷமாச்சு. மொதல்ல அதைக் கட்டச் சொல்லு. அப்புறம் தாளுல வரையலாம்."

டிசம்பர் 4, வியாழன்

மிங்கா கடையை மூடப் போகிறாள். இந்த மாதம் 31-ஆம் தேதியோடு சரி என்கிறாள்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் விலைச்சீட்டுகளைக் கத்தரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பில் போடும் இயந்திரத்தை மாற்றியமைக்கவே நகரத்திலிருந்து வந்தவன் இரண்டு முறை காசு வாங்கிவிட்டான். ஜனவரி முழுக்க லெவாவையும் வாங்க வேண்டும், யூரோவையும் வாங்க வேண்டும். ஆனால் மீதியை யூரோவில்தான் தர வேண்டும். பரிசோதகர்கள் வருவார்களாம்.

"ஒரு சீட்டுல ஒரு எண்ணு தப்பா இருந்தா ஃபைன் போடுவாங்க டீச்சர். ஃபைன் போட்டா என் ஆறு மாசம் போச்சு. எனக்கு அறுபத்தோரு வயசு. யாருக்காக?"

யாருக்காக என்று எனக்குத் தெரியும். எழுபத்து மூன்று பேர் இருக்கிற ஊரில் இது ஒரே கடை. பஸ் திங்களும் வெள்ளியும்தான். என் பக்கத்து வீட்டு தேனாவுக்கு எண்பத்தாறு வயது. அவள் காலுக்குக் கடைவரை போவதே ஒரு பயணம். ரொட்டி வேன் எங்கள் ஊருக்கு வருவது மிங்கா வாங்குவதால்தான்.

அதையெல்லாம் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். புதுச் செருப்பு எல்லா விரலையும் கடிக்காது, ஒரு விரலைத்தான் கடிக்கும், அந்த விரல் ஜனவரி, அதற்கு மட்டும் கட்டுப் போட்டால் போதும் என்றேன். ஊர்க்காரர்களை நான் தயார் செய்கிறேன். கடைக்கு வரும்போது அவர்களுக்கே கணக்கு தெரிந்திருக்கும்.

ரொம்ப நேரம் கத்தரித்தாள்.

"உங்க பேச்சை நம்பி ஜனவரி வரைக்கும். அதுக்கு மேல கேக்காதீங்க."

டிசம்பர் 11, வியாழன்

அரசாங்கம் ராஜினாமா செய்துவிட்டது. ஊர் நிர்வாகம் பார்க்கும் யாங்கோ தொலைபேசியில் கேட்டான்: "அப்போ யூரோ வராதா டீச்சர்?" வரும் என்றேன். "ஆளில்லாத வீட்டுக்கு விருந்தாளியா?" என்றான்.

டிசம்பர் 13, சனி

வாசகசாலையில் வகுப்பு. பதினைந்து பேர் வருவார்கள் என்று நினைத்து அடுப்பில் விறகு போட்டேன். முப்பத்தொரு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்று பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு கையில் சாக்பீஸ். சந்தோஷமாக இருந்தது என்று எழுதுவதில் வெட்கமில்லை.

ஒரு யூரோவுக்கு எத்தனை லெவா என்று காட்ட 1.95583 என்ற எண்ணைப் பலகையில் எழுதியதும் முகங்கள் மூடிக்கொண்டன. அழித்துவிட்டேன். எண்ணால் ஆரம்பித்தால் ஆட்கள் போய்விடுவார்கள். ரொட்டியால் ஆரம்பிக்க வேண்டும். நாற்பது ஆண்டு அனுபவம் அது.

சொன்னது இதுதான்: "ஜனவரி இரண்டாம் தேதி, மிங்காவின் கடை. உங்கள் கையில் ஐம்பது லெவா தாள். ஒரு ரொட்டி வாங்குகிறீர்கள். ஐம்பது லெவா என்பது 25 யூரோ 56 சென்ட். ரொட்டி 92 சென்ட். மிங்கா உங்களுக்கு 24 யூரோ 64 சென்ட் மீதி தர வேண்டும். யூரோவில். அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள்."

மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாவது முறை கோரஸாக, இருபத்து நாலு அறுபத்து நாலு! தேனாகூடச் சொன்னாள். யாங்கோ அவளைத் தன் காரில் கூட்டி வந்திருந்தான்.

ராச்சோ மட்டும் கையைத் தூக்கினார். "அவ தரலைன்னா?"

"தருவாள். சட்டம்."

"சட்டம் தொண்ணூத்தாறுலயும் இருந்துச்சு டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வங்கிகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. லெவா மதிப்பிழந்து, தேனாவும் புருஷனும் கார் வாங்கச் சேர்த்த பணத்துக்குக் கடைசியில் ஒரு ஜோடி செருப்பு வந்தது. பிப்ரவரியில் என் மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாலாடைக்கட்டியின் விலையைப் பார்த்து நின்றது எனக்கும் நினைவிருக்கிறது. பிறகு லெவாவிலிருந்து மூன்று பூஜ்ஜியங்களை அழித்தார்கள். குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது சுலபமாக இருந்தது.

டிசம்பர் 20, சனி

மிங்கா வங்கியிலிருந்து முன்னூறு யூரோ வாங்கி வந்திருக்கிறாள். இருபதும் ஐந்துமாகத் தாள்கள், பிறகு சில்லறைப் பொட்டலங்கள். மாதம் முழுக்க இது போதுமா என்று கேட்டாள். நம் ஊரில் யார் பெரிய நோட்டு நீட்டப் போகிறார்கள், போதும் என்றேன்.

டிசம்பர் 24, புதன்

கிறிஸ்துமஸ் இரவு ரொட்டி சுட்டேன். உள்ளே வைக்க ஒரு லெவா காசு. அடுத்த ஆண்டு எதை வைப்போம்? என்ன கேள்வி இது. வட்டமாக எதையாவது.

தேனா வந்தாள். காசு அவள் துண்டில்தான் வந்தது. அதிர்ஷ்டமாம். "இதை இன்னும் ஒரு வாரத்துக்குள்ள செலவு பண்ணணுமா?" என்றாள்.

2026, ஜனவரி 1, வியாழன்

நள்ளிரவில் தொலைக்காட்சியில் கொண்டாட்டம். நான் பத்து மணிக்கே படுத்துவிட்டேன்.

காலையில் ஊருக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் அலங்கரித்த குச்சியோடு வீடு வீடாக வந்து பெரியவர்களின் முதுகில் தட்டி வாழ்த்தினார்கள். எல்லாரும் வங்கியில் வாங்கி வைத்திருந்த புது யூரோக் காசுப் பொட்டலங்களைப் பிரித்து அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். பளபளவென்று, குதிரைக்காரன் உருவம் பொறித்த காசுகள். மாலைக்குள் பிள்ளைகள் சோபியாவுக்கும் வர்ணாவுக்கும் திரும்பிவிட்டன, காசுகளும்தான்.

ஜனவரி 2, வெள்ளி

என்ன செய்துவிட்டேன்.

எட்டு மணிக்குக் கடை திறக்கும் என்று ஏழரைக்கே வரிசை. பனியில். வரிசையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அதுதான் கேவலம், நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன். எல்லார் கையிலும் ஐம்பது லெவா தாள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு ரொட்டி. மிங்கா ஒருவருக்கு 24.64 எடுத்துக் கொடுக்கிறாள், அடுத்தவருக்கு 24.64, அடுத்தவருக்கு 24.64. நான் சொன்ன கணக்கு. நான் சொன்ன தாள். நான் சொன்ன தேதி!

உதாரணம்தானே அது? ஒரு உதாரணத்தை எடுத்து யாராவது அப்படியே செய்வார்களா? ஆப்பிளை வைத்துக் கூட்டல் சொல்லித் தந்தால் பிள்ளைகள் ஆப்பிளா கொண்டு வந்தார்கள்?

ஆனால் அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் — டீச்சர் வழி சொன்னாள். தபால் அலுவலகத்தில் லெவாவை மாற்ற அடையாள அட்டை, படிவம், கையெழுத்து; வாரத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். மிங்காவிடம் ஒரு ரொட்டி போதும். பழைய காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் தாமதித்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர் ஒரு முறை பார்த்திருக்கிறது.

முதல் ஆள் யார்? ராச்சோ. யூரோவைத் தொடமாட்டேன் என்றவர்.

பன்னிரண்டு பேர். முன்னூறு யூரோ தீர்ந்தது. பதிமூன்றாவது யாங்கோவின் மனைவி. மிங்கா பெட்டியைத் திறந்து காட்டினாள். நாலு யூரோவும் கொஞ்சம் சில்லறையும்.

"சட்டம்னு டீச்சர் சொன்னாங்களே" என்றாள் அவள்.

மிங்கா ஏப்ரனைக் கழற்றினாள். எல்லாரையும் வெளியே வரச் சொல்லிப் பூட்டினாள். என்னைத் தாண்டித்தான் போனாள். பார்க்கவே இல்லை.

ஜனவரி 3, சனி

கடைக் கதவில் தாள்: "மூடப்பட்டது." எப்போது வரை என்று இல்லை. மிங்கா வீட்டில் புகைபோக்கி புகைகிறது, கதவு திறக்கவில்லை.

ஜனவரி 5, திங்கள்

பஸ்ஸில் நகரத்துக்குப் போய் ஆறு ரொட்டி வாங்கி வந்தேன். தேனாவுக்கு இரண்டு. பஸ்ஸில் எல்லாரும் மிங்காவைத்தான் பேசினார்கள்.

"மூடணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா. சாக்கு தேடிட்டு இருந்தா."

"முன்னூறு யூரோவோட கடை நடத்த வந்துட்டா பாரு."

முன்னூறு போதும் என்று சொன்னவள் நான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரொட்டி ஆலையிலிருந்து யாங்கோவுக்குத் தொலைபேசி. பன்னிரண்டாம் தேதி திங்கட்கிழமைக்குள் வாங்க ஆள் இல்லையென்றால் வேன் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பாது. பத்து கிலோமீட்டர் சுற்று, டீசல் கட்டுபடியாகவில்லையாம். ஒரு முறை போன வேன் திரும்பி வராது. மேலே இருக்கிற ஊருக்கு நடந்தது தெரியும்.

ஜனவரி 7, புதன்

இவான் பெயர்த் திருநாள். இவான், யாங்கோ, இவான்கா என்று பெயருள்ள எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருக்கும். பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வருகிறவர் வருவார். யாங்கோ வீட்டில் நாற்பது பேராவது இருந்தார்கள். கோஸ் இலைச் சுருள், ஊறுகாய், பழத்தில் காய்ச்சிய ராக்கியா. மிங்கா வரவில்லை. முதல் முறையாக வரவில்லை.

பேச்சு அவளைப் பற்றியே. இன்னொரு குவளை ஊற்றும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து நின்றேன்.

"ஐம்பது லெவா தாளோடு போங்கன்னு சொன்னது யார்?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர்" என்றார்கள், வகுப்பில் சொன்ன மாதிரியே, கோரஸாக.

"மிங்காவுக்கு முன்னூறு யூரோ போதும்னு சொன்னது?"

அதுவும் நான்தான் என்றேன். அந்த முன்னூறு இப்போது பன்னிரண்டு வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒரு குளத்துத் தண்ணீரைப் பன்னிரண்டு குடத்தில் மொண்டுகொண்டு போய்விட்டுக் குளம் வற்றிவிட்டது என்று திட்டுகிறோம். திட்ட வேண்டிய ஆள் அவள் இல்லை, இதோ நிற்கிறேன்.

யாங்கோவின் மனைவி ராச்சோவைப் பார்த்து, "தொடமாட்டேன்னவருதான் மொத குடம்!" என்றாள். வீடே சிரித்தது.

"நான் யூரோ வாங்கவா போனேன்?" என்றார் ராச்சோ. "லெவாவை வாங்கிக்கறாங்களான்னு பார்க்கப் போனேன்."

"வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க. எனக்கே ஆச்சரியம்."

ஜனவரி 8, வியாழன்

மிங்கா கதவைத் திறந்தாள். காபி போட்டாள். மன்னிப்பு கேட்டேன். யாங்கோ வீட்டில் நான் சொன்னதை யாரோ அவளிடம் முன்னமே சொல்லிவிட்டிருந்தார்கள்.

"காசு தீர்ந்ததுக்கு மூடலை டீச்சர்" என்றாள். "வங்கிக்குப் போனா இன்னும் கொஞ்சம் வாங்கிட்டு வரலாம்."

"பிறகு ஏன் மூடினே?"

"எண்ணினாங்க."

புரியவில்லை. அவள் கைகளை மேசைமேல் வைத்துக் காட்டினாள்.

"இருபத்தொம்பது வருஷமா கடை வச்சிருக்கேன். இந்த ஊர்ல என்கிட்ட மீதி வாங்கிட்டு யாரும் எண்ணினதில்ல. அப்படியே பையில போட்டுட்டுப் போவாங்க. தொண்ணூத்தேழுல, விலை காலைக்கு ஒண்ணு சாயங்காலத்துக்கு ஒண்ணுன்னு இருந்தப்பகூட எண்ணல. அன்னிக்கு ராச்சோ அண்ணன் என் மூஞ்சியப் பார்க்காம கையப் பார்த்தாரு. ஒவ்வொரு சென்டா மேசையில அடுக்கி எண்ணினாரு. அடுத்த ஆளு. அதுக்கடுத்த ஆளு. பன்னெண்டு பேரு. திருடி மாதிரி நின்னேன் டீச்சர்."

அங்கேயே நின்று எண்ணிப் பாருங்கள். அரசாங்கத் துண்டறிக்கையிலும் அந்த வரி இருந்தது. அதிலிருந்துதான் எடுத்தேன். நகரத்தில் அது நல்ல புத்தி. இங்கே மிங்காவின் முன்னால் நின்று எண்ணுவது அவள் முகத்தில் சொல்லும் ஒரு வார்த்தை. நானும் இந்த ஊரில்தான் ஐம்பது ஆண்டாக இருக்கிறேன். நானும் எண்ணியதில்லை. எண்ணியதில்லை என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதையும் நான்தான் சொன்னேன் என்றேன்.

"தெரியும். தேனா அக்கா சொன்னாங்க. மூணு தடவை சொல்ல வச்சீங்களாமே."

காபி ஆறிப்போனது. கிளம்பும்போது சொன்னாள்: "சனிக்கிழமை தொறக்கறேன். ஒரு நாளு. பார்ப்போம்."

ஜனவரி 9, வெள்ளி

ராச்சோவின் வீட்டுக்குப் போய் மிங்கா சொன்னதை அப்படியே சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. உபதேசம் வேண்டாம் என்று முடிவு. என் உபதேசத்தின் பலனை ஊர் பார்த்துவிட்டது.

அவர் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். "நான் எண்ணினது அவளை இல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அந்தக் காசை எண்ணினேன். புதுசு. எது எவ்வளவுன்னு தெரியல" என்றார்.

"அது அவளுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சட்டியைச் சுரண்டினார்.

ஜனவரி 10, சனி

எட்டு மணி. பத்துப் பதினைந்து பேர். வரிசை என்று சொல்ல முடியாது. சும்மா அந்தப் பக்கம் வந்தவர்கள்போல அங்கங்கே நின்றோம். மிங்கா கதவைத் திறந்து, ஏப்ரனைக் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

ராச்சோ முதலில் போனார். இரண்டாம் தேதி வாங்கிய அதே இருபது யூரோ தாளை நீட்டினார். ஒரு ரொட்டி, ஒரு தீப்பெட்டி. மிங்கா நேற்று வங்கியிலிருந்து வாங்கி வந்த காசில் மீதியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் காத்திருந்தாள்.

அவர் பார்க்கவே இல்லை. அப்படியே கோட்டுப் பையில் கொட்டினார். ஒரு காசு கீழே விழுந்து உருண்டது. அதையும் குனிந்து எடுக்கவில்லை.

"விழுந்துச்சு அண்ணே."

"கெடக்கட்டும். பெருக்கும்போது எடுத்துப் பெட்டியில போடு. இன்னிக்கு நீ இந்தக் காசை வச்சுத்தான மீதி தரணும்?" போகிற போக்கில் திரும்பி, "ஏப்ரனைக் கட்டு மிங்கா. மாவு கொட்டினா ஸ்வெட்டர் வீணாயிடும்" என்றார்.

அடுத்து யாங்கோவின் மனைவி. சின்னக் காசாகவே கொண்டுவந்து கொட்டினாள். பிறகு மற்றவர்கள். எல்லாரும் யூரோ. லெவா ஒருவரும் நீட்டவில்லை. ராச்சோ நேற்று ஊர் முழுக்க நடந்திருக்க வேண்டும். அந்த முட்டி வலியோடு.

என் முறை வந்தபோது மிங்கா ஏப்ரன் கட்டியிருந்தாள்.

ஜனவரி 12, திங்கள்

வேன் வந்தது. முப்பது ரொட்டி.

ஜனவரி 31, சனி

கடையில் லெவா செல்லும் கடைசி நாள். தேனா தன் அதிர்ஷ்டக் காசைச் செலவு செய்யவில்லை. நானும் செய்யச் சொல்லவில்லை. திங்கட்கிழமைக்கும் ரொட்டி சொல்லிவிட்டாள் மிங்கா.

பிப்ரவரி 12, வியாழன்

மிங்கா கண் மருத்துவரைப் பார்க்க யாங்கோவின் காரில் நகரத்துக்குப் போனாள். நேற்று மாலை சாவியைக் கொண்டு வந்து கொடுத்தாள். "ஒரு நாள் நிக்கறீங்களா டீச்சர்? உங்களுக்குக் கணக்குத் தெரியுமே." கேலியா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

காலை முதல் நின்றேன். ஏப்ரன் எனக்குப் பெரியது. பதினோரு மணிக்கு ராச்சோ வந்தார். ரொட்டி, தயிர், பேட்டரி. பத்து யூரோ கொடுத்தார். மனதிலேயே கணக்குப் போட்டு மீதியைக் கொடுத்தேன், இயந்திரத்தைப் பார்க்காமல். கொஞ்சம் பெருமைதான்.

ராச்சோ நகரவில்லை. காசுகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"மிங்கா குடுத்தா எண்ணமாட்டீங்களே" என்றேன்.

"அது மிங்கா."

ஒரு விரலால் காசுகளை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு சென்ட் கொறையுது. உக்காருங்க டீச்சர். ரெண்டு மார்க்."

தோற்ற பிள்ளைகளுக்கு நாற்பது ஆண்டாக நான் போட்ட மதிப்பெண் அது. கடையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, இயந்திரத்தில் தட்டிப் பார்த்தேன்.

ராச்சோ சொன்னதுதான் சரி.